டெப்ளாய் ஆகாத ஸ்மார்ட் கான்ட்ராக்ட்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

ஒரு வாழ்த்துச் செய்தியைச் சேமித்து வைத்து, கேட்டால் திருப்பித் தருகிற ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் தங்கி ஓடும் ஒரு சிறு நிரல். அதற்கான சாலிடிட்டி மொழியில் எழுதினால் இருபது வரிகூட வராது. அதை எத்தீரியத்தின் செபோலியா டெஸ்ட்நெட்டில், அதாவது சோதனை நெட்வொர்க்கில், ஏற்றப் பார்க்கிறீர்கள் (டெப்ளாய் என்பது இந்த ஏற்றும் வேலைதான்), ஏற மாட்டேன் என்கிறது. சிவப்பு எழுத்தில் ஏதாவது வருகிறது, இல்லாவிட்டால் ஒன்றுமே வராமல் டெர்மினல் அப்படியே நிற்கிறது. பிரவுசரில் ஓடும் ரீமிக்ஸில் செய்தாலும் சரி, கணினியில் நிறுவும் ஹார்ட்ஹாட்டில் செய்தாலும் சரி, கீழே உள்ளவை பொருந்தும்.

கோடில் கை வைப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டிரான்சாக்ஷன் ஹாஷ், அதாவது அனுப்பிய டிரான்சாக்ஷனின் அடையாளக் குறி, கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் கணினியிலோ, உங்களைச் செயினோடு இணைக்கும் கணினியான ஆர்பிசி நோடின் வாசலிலோ இருக்கிறது. செயினுக்கு எதுவும் போகவில்லை, எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் ஒரு வெய்கூட, அதாவது அதன் மிகச் சிறிய அலகுகூட, செலவாகவில்லை. ஹாஷ் கிடைத்துவிட்டால் அதைச் செயினில் நடப்பதைக் காட்டும் செபோலியா ஈதர்ஸ்கேன் தளத்தில் போட்டு, பெண்டிங்கா, ஃபெயில்டா, சக்சஸா என்று பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு. இதைப் பார்க்காமல் டெப்ளாய் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால்தான் ஐந்து நிமிடக் கோளாறு அரை நாளைத் தின்கிறது.

ஹார்ட்ஹாட் ஸ்கிரிப்டில் ஒரு சிக்கல் உண்டு. பல பயிற்சிக் குறிப்புகளில் கான்ட்ராக்ட் ஏறி முடிந்த பிறகுதான் முகவரியை அச்சிடுவார்கள். நடுவில் நின்றுவிட்டால் ஹாஷ் உங்கள் கண்ணுக்கே வராது. அதனால் காத்திருக்கும் வரிக்கு முன்னாலேயே ஹாஷை அச்சிடும் வரியைச் சேர்த்துவிடுங்கள். மற்ற எல்லாத் திருத்தத்தையும்விட முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கம்பைல் செய்யும்போதே நின்றுவிடுகிறது

‘சோர்ஸ் ஃபைல் ரிக்வயர்ஸ் டிஃபரென்ட் கம்பைலர் வெர்ஷன்’ என்று வந்தால், ஃபைலின் தலையில், வேண்டிய கம்பைலர் பதிப்பைச் சொல்லும் பிராக்மா வரியும் ஹார்ட்ஹாட் கன்ஃபிக்கில் எழுதிய கம்பைலர் பதிப்பும் ஒத்துப்போகவில்லை. ஒன்றை மற்றதற்கு ஏற்ப மாற்றினால் போதும்.

ஓப்பன்செப்பலின் நூலகத்தில் உரிமையாளரைக் குறித்துவைக்கும் ‘ஓனபிள்’ கான்ட்ராக்டைப் பயன்படுத்தியிருந்து, ‘நோ ஆர்க்யுமென்ட்ஸ் பாஸ்டு டு த பேஸ் கன்ஸ்ட்ரக்டர்’ என்று வந்தால், பழைய பாடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். 2023-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து முதல் உரிமையாளரின் முகவரியைக் கன்ஸ்ட்ரக்டரில் (கான்ட்ராக்ட் ஏறும்போது ஒருமுறை மட்டும் ஓடும் பகுதி) நாமே கொடுக்க வேண்டும். ரீமிக்ஸில் இதே கோளாறு ‘திஸ் கான்ட்ராக்ட் மே பி அப்ஸ்ட்ராக்ட்’ என்ற வேறு முகத்தோடும் வரும்.

தமிழில் செய்தி வைக்க நினைப்பவர்களுக்கு மட்டும் வரும் பிழை ஒன்று இருக்கிறது. மேற்கோள் குறிகளுக்குள் ‘வணக்கம்’ என்று எழுதினால் ‘இன்வேலிட் கேரக்டர் இன் ஸ்ட்ரிங்’ என்று கம்பைலர் மறுத்துவிடும். சாலிடிட்டி 0.7-இலிருந்து, ஆங்கில எழுத்துக்கு அப்பாற்பட்ட எதையும் கோடுக்குள் எழுத வேண்டுமானால் தொடக்க மேற்கோளுக்கு முன்னால், இடைவெளி விடாமல், யூனிகோட் என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்தில் போட வேண்டும். கன்ஸ்ட்ரக்டருக்கு வெளியிலிருந்து அனுப்பும் செய்திக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கமென்ட்டில் தமிழ் தாராளமாக எழுதலாம். ஃபங்ஷன் பெயரும் வேரியபிள் பெயரும் மட்டும் தமிழில் இருக்க முடியாது.

வாட்ஸ்அப்பிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ ஒட்டிய கோடானால், நேரான மேற்கோளுக்குப் பதில் வளைந்த மேற்கோள் வந்திருக்கிறதா பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். பிழை காட்டும் வரியை முழுக்க அழித்துவிட்டுக் கையால் அடிப்பதே சுருக்கமான வழி.

ஹார்ட்ஹாட்டே ஓடவில்லை என்றால் அதன் பதிப்பைப் பாருங்கள். 3-ஆம் பதிப்புக்கு நோட்ஜேஎஸ் 22 வேண்டும், கன்ஃபிக் எழுதும் முறையும் மாறிவிட்டது. 2-ஆம் பதிப்புக்கான பாடத்தை வைத்துக்கொண்டு 3-ஐ நிறுவினால் முதல் வரியிலேயே முட்டும். பாடம் ட்ரஃபிள், கனாஷ் என்ற பழைய கருவிகளைப் பற்றிப் பேசினால் அதை மூடிவிட்டு வேறு தேடுங்கள். அவற்றின் பராமரிப்பு 2023-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கோர்லி, ரின்கிபி, ராப்ஸ்டன் என்று சொல்லும் பாடங்களுக்கும் இதே கதிதான், அந்த டெஸ்ட்நெட்டுகள் இப்போது இல்லை.

‘ஃபெயில்ட் டு டிடெக்ட் நெட்வொர்க்’, அல்லது 401, 429

ஸ்கிரிப்ட் நோடோடு பேசவே இல்லை. பெரும்பாலும் ஆர்பிசி முகவரி காலியாகப் போயிருக்கும், அதாவது கீயும் ஆர்பிசி முகவரியும் எழுதி வைக்கும் ‘.என்வ்’ ஃபைல் படிக்கப்படவில்லை. அதைப் படிக்கும் டாட்என்வை அழைக்கும் வரி கன்ஃபிக்கின் உச்சியில் இருக்கிறதா, ஃபைல் புராஜெக்டின் முதன்மை ஃபோல்டரில் இருக்கிறதா, கட்டளையை அங்கிருந்துதான் கொடுக்கிறீர்களா, பெயரில் எழுத்துப் பிசகு உண்டா என்று வரிசையாகப் பாருங்கள். 401 என்றால் ஏபிஐ கீ (நோடு சேவை தந்த அனுமதிக் குறி) தவறு. 429 என்றால் இலவச வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், சற்றுப் பொறுக்க வேண்டும். வீட்டில் ஓடுகிறது, கல்லூரி வைஃபையில் ஓடவில்லை என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள், தடுப்பது ஃபயர்வாலா என்று உடனே தெரிந்துவிடும்.

‘பிரைவேட் கீ டூ ஷார்ட், எக்ஸ்பெக்டட் 32 பைட்ஸ்’

வாலட்டைத் திறக்கும் ரகசியமான பிரைவேட் கீ இருக்க வேண்டிய இடத்தில் வாலட் முகவரியை ஒட்டியிருப்பீர்கள். 0x என்ற முன்னொட்டைக் கழித்தால் முகவரி 40 எழுத்து, பிரைவேட் கீ 64 எழுத்து. சந்தேகம் வந்தால் கீயின் நீளத்தை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். 64 அல்லது முன்னொட்டோடு 66 வர வேண்டும். 65, 67 என்று வந்தால் ஓரத்தில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. கீயையே திரையில் அச்சிட வேண்டாம். உதவி கேட்டு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் அது அப்படியே போய்விடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். டெஸ்ட்நெட்டில் இருப்பது காசு இல்லாத ஈத்தர்தானே என்று பலரும் அன்றாடம் பயன்படுத்தும் வாலட்டின் கீயையே ‘.என்வ்’ ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். செபோலியாவுக்கு ஒரு கீ, உண்மையான பணம் புழங்கும் மெயின்நெட்டுக்கு ஒரு கீ என்று எதுவும் கிடையாது. ஒரே கீ எத்தீரியத்திலும், அதன் மாதிரியில் இயங்கும் மற்ற எல்லா நெட்வொர்க்கிலும் ஒரே முகவரியைத் திறக்கும். டெஸ்டுக்காக வெளியே போன கீ உண்மையான பணத்தையும் திறந்துவிடும். கிட்ஹப்பில் தவறுதலாக ஏற்றிய கீயைத் தேடிப் பிடிப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபைலை அழித்து மறுபடி கமிட் செய்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கும். அப்படி நடந்துவிட்டால் அந்தக் கீ செத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை உடனே வேறு முகவரிக்கு மாற்றுங்கள்.

டெஸ்டுக்குத் தனி வாலட், புதிய சீட் ஃப்ரேஸோடு (வாலட்டின் கீகள் பிறக்கும் ரகசியச் சொல் வரிசை). மெட்டாமாஸ்க் வாலட்டில் அதே சீட் ஃப்ரேஸின் கீழ் இரண்டாவது அக்கவுண்ட் திறந்தாலும் கீ வேறாகத்தான் இருக்கும். ஆனாலும் தனி பிரவுசர் புரொஃபைலில் தனி வாலட் வைப்பதையே நான் வலியுறுத்துவேன். அவசரத்தில் அக்கவுண்ட் மாறிப்போகும் வாய்ப்பே இல்லாமல் செய்துவிடுவது நல்லது.

ஃபாசெட் அனுப்பிய ஈத்தர் வந்த வேகத்தில் காணாமல் போகிறது

ஃபாசெட் என்பது டெஸ்ட் ஈத்தர் தரும் தளம். உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் ஹார்ட்ஹாட் லோக்கல் நோடைத் தொடங்கியதும் 20 அக்கவுண்ட், ஒவ்வொன்றிலும் 10,000 ஈத்தர் என்று பட்டியல் வரும். அந்தக் கீகள் உலகத்தில் ஹார்ட்ஹாட் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒன்றேதான். அவற்றில் ஒன்றைச் செபோலியாவுக்குப் பயன்படுத்தினால், வரும் ஈத்தரை யாருடைய தானியங்கி நிரலாவது நொடியில் வழித்துக்கொண்டு போகும். அவை லோக்கல் நோடுக்கு மட்டும்.

‘இன்சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ்’

பேலன்ஸ் உண்மையிலேயே பூஜ்யமாக இருக்கலாம். அப்படியானால் முதலில் நெட்வொர்க்கைச் சரிபாருங்கள். செபோலியாவின் செயின் ஐடி 11155111. ஹார்ட்ஹாட் லோக்கலுக்கு 31337, மெயின்நெட்டுக்கு 1. அடுத்து, மெட்டாமாஸ்க்கில் தெரியும் முகவரியும் ஸ்கிரிப்ட் கையெழுத்திடும் முகவரியும் ஒன்றுதானா? ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் டெப்ளாயர் முகவரியையும் அதன் பேலன்ஸையும் அச்சிட்டால் இந்தக் குழப்பமே வராது.

பேலன்ஸ் இருந்தும் இதே பிழை வருகிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நோடு பார்ப்பது செலவாகப் போகும் தொகையை அல்ல, அதிகபட்சம் ஆகக்கூடிய தொகையை. கேஸ் என்பது செயின் செய்யும் வேலையை அளக்கும் அலகு. கேஸ் லிமிட்டை, ஒரு கேஸுக்குத் தருவதாகச் சொன்ன உச்ச விலையால் பெருக்கி, கூடவே அனுப்பும் ஈத்தரையும் கூட்டினால் வருவது முழுவதும் வாலட்டில் இருந்தாக வேண்டும். ஸ்கிரிப்டில் கேஸ் லிமிட் 30 லட்சம், உச்ச விலை 30 கிவெய் (நூறு கோடி கிவெய் ஓர் ஈத்தர்) என்று எங்கிருந்தோ நகலெடுத்திருந்தால் 0.09 ஈத்தர் வேண்டும். உங்களிடம் 0.05 இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

உண்மையில் எவ்வளவு ஆகும்? கான்ட்ராக்ட் உருவாக்கும் டிரான்சாக்ஷனுக்கு அடிப்படையே 53,000 கேஸ். செயினில் தங்கும் கோடுக்குப் பைட்டுக்கு 200. நம் கான்ட்ராக்ட் 1,500 பைட் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சம். சேமிப்பில் புதிதாக நிரப்பும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 22,100. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘வணக்கம்’ என்பது புள்ளிகளையும் சேர்த்து 7 குறி, 21 பைட். 31 பைட் வரை ஒரே கட்டத்தில் அடங்கும். ‘பொங்கல் வாழ்த்து’ என்றால் 46 பைட், மூன்று கட்டம் வேண்டும். டிரான்சாக்ஷனோடு போகும் டேட்டாவையும் சேர்த்தால் மொத்தம் நாலரை லட்சத்தை ஒட்டி வரும். கேஸ் விலை 2 கிவெய் என்றால் 0.0009 ஈத்தர். ஆகவே கையால் எழுதிய லிமிட்டையும் விலையையும் அழித்துவிடுங்கள், மதிப்பிடும் வேலையை நோடிடமே விடுங்கள்.

லிமிட்டை அளவுக்கு மீறிப் போட்டாலும் இப்போது மறுக்கப்படும். எத்தீரியத்தில் 2025-இல் வந்த ஃபுசாகா மாற்றத்துக்குப் பிறகு ஒரு டிரான்சாக்ஷன் 1,67,77,216 கேஸுக்கு மேல் கேட்க முடியாது.

டெஸ்ட் ஈத்தர் ஃபாசெட்டில் இலவசம். சில ஃபாசெட்டுகள் மெயின்நெட்டில் கொஞ்சம் பேலன்ஸ் இருக்க வேண்டும் என்பார்கள். அது இல்லாதவர்கள் கூகுள் கிளவுடின் ஃபாசெட்டையோ, பிரவுசரிலேயே மைனிங் செய்து ஈட்டும் ஃபாசெட்டையோ பார்க்கலாம். யாராவது செபோலியா ஈத்தரை விலைக்குத் தருகிறேன் என்றாலோ, ஃபாசெட் பக்கம் சீட் ஃப்ரேஸ் கேட்டாலோ அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

‘கேஸ் எஸ்டிமேஷன் ஃபெயில்ட்’ என்று ரீமிக்ஸ் பெட்டி திறக்கிறது

நோடு உங்கள் டிரான்சாக்ஷனை ஒத்திகை பார்த்தது, அந்த ஒத்திகையிலேயே ரிவெர்ட் (செய்ததை எல்லாம் ரத்து செய்து நின்றுவிடுவது) ஆகிவிட்டது என்று பொருள். பெட்டியில் ‘சென்ட்’ அழுத்தினால் அனுப்பிவிடும், செயினில் தோற்கும், கேஸும் போகும். அழுத்தாதீர்கள்.

ரீமிக்ஸில் அதிகம் காணும் காரணம் ‘வேல்யூ’ கட்டம். முன்பு வேறு எதற்கோ நிரப்பிய தொகை அங்கேயே இருக்கும். கன்ஸ்ட்ரக்டர் ‘பேயபிள்’ என்று அறிவிக்கப்படாமல் இருக்கையில் ஈத்தர் அனுப்பினால் ரிவெர்ட்தான். அதைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த காரணம், கன்ஸ்ட்ரக்டருக்குள் உள்ள ‘ரிக்வயர்’ நிபந்தனை. ஓனபிளுக்குப் பூஜ்ய முகவரியைக் கொடுத்தாலும் இதே கதை.

செபோலியாவில் ஏறிய அதே கான்ட்ராக்ட் வேறொரு நெட்வொர்க்கில் மட்டும் ‘இன்வேலிட் ஆப்கோட்’ என்று விழுந்தால் கோட் மேல் தவறில்லை. சாலிடிட்டி 0.8.20-இலிருந்து கம்பைலர், 2023 ஏப்ரலில் ஷாங்காய் மாற்றத்தோடு வந்த ‘புஷ்0’ என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறது. அந்த நெட்வொர்க் அதை இன்னும் ஏற்கவில்லை. கம்பைலர் அமைப்பில் ஈவிஎம் (எத்தீரியத்தில் கோடை இயக்கும் பொறி) வெர்ஷனை ‘பாரிஸ்’ என்று வைத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

ஹாஷ் வந்துவிட்டது, பெண்டிங்கிலேயே நிற்கிறது

செபோலியாவில் 12 நொடிக்கு ஒருமுறை ஒரு பிளாக், அதாவது டிரான்சாக்ஷன்களின் தொகுப்பு, சேர இடம் வரும். இரண்டு மூன்று நிமிடம் போயும் நகரவில்லை என்றால் இரண்டில் ஒன்று.

நீங்கள் தருவதாகச் சொன்ன உச்ச விலை, அப்போது நெட்வொர்க் கேட்கும் குறைந்தபட்ச விலையான பேஸ் ஃபீயைவிடக் குறைவாக இருக்கலாம். பேஸ் ஃபீ ஒரு பிளாக்குக்கு 12.5 சதவீதம் வரை ஏறும். பிளாக்குகள் தொடர்ந்து நிரம்பினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் இரட்டிப்பைத் தாண்டிவிடும்.

அல்லது நான்ஸ் சிக்கல். ஒவ்வொரு அக்கவுண்டும் அனுப்பும் டிரான்சாக்ஷனுக்கு 0, 1, 2 என்று வரிசை எண் உண்டு. கிளினிக்கில் 7-ஆம் டோக்கன் உள்ளே போகாமல் 8-ஐ அழைக்க மாட்டார்கள் அல்லவா, அதே முறைதான். 7 சிக்கி நின்றால், நீங்கள் பதற்றத்தில் அழுத்திய 8, 9, 10 எல்லாம் பின்னால் காத்திருக்கும். 7 விடுபட்டதும் நான்கும் அடுத்தடுத்துப் போய், ஒரே கான்ட்ராக்ட் நான்கு முகவரியில் ஏறியிருக்கும்.

மெட்டாமாஸ்க்கில் மிகப் பழையதாக நிற்கும் டிரான்சாக்ஷனைத் திறந்து ‘ஸ்பீட் அப்’ அல்லது ‘கேன்சல்’ கொடுங்கள். இரண்டுமே அதே நான்ஸில் அதிக விலைக்கு இன்னொன்றை அனுப்பும் வேலைதான். ஸ்கிரிப்டிலிருந்து செய்வதானால் அதே நான்ஸ் எண்ணோடு உங்கள் முகவரிக்கே 0 ஈத்தர் அனுப்புங்கள். உச்ச விலை, டிப் (பிளாக்கில் சேர்ப்பவருக்குத் தரும் கூடுதல் தொகை) இரண்டையும் குறைந்தது 10 சதவீதமாவது கூட்டுங்கள். குறைவாகக் கூட்டினால் ‘ரீப்ளேஸ்மென்ட் டிரான்சாக்ஷன் அண்டர்பிரைஸ்ட்’ என்று வரும்.

‘ஆல்ரெடி நோன்’ என்றால் அதே டிரான்சாக்ஷன் ஏற்கெனவே நோடில் இருக்கிறது, காத்திருங்கள். ‘நான்ஸ் டூ லோ’ என்றால் அந்த எண் செலவாகிவிட்டது. ஒரே அக்கவுண்டை மெட்டாமாஸ்க்கும் ஸ்கிரிப்டும் ஒரே நேரத்தில் இயக்கினால் வரும். ‘நான்ஸ் டூ ஹை’ பெரும்பாலும் லோக்கலில் வருவது. ஹார்ட்ஹாட் நோடை நிறுத்தித் தொடங்கியதும் செயின் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது, மெட்டாமாஸ்க் மட்டும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவிட்டி டேட்டாவை அழிக்கும் பொத்தான் உண்டு. வாலட்டும் பேலன்ஸும் அதனால் போகாது.

ஈதர்ஸ்கேனில் ஃபெயில்ட்

கேஸ் லிமிட், கேஸ் யூஸ்ட் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கேஸ் தீர்ந்துபோனது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். வித்தியாசம் இருந்தால் ரிவெர்ட், மேலே கேஸ் எஸ்டிமேஷன் பகுதியில் சொன்ன காரணங்களைப் பாருங்கள். தோற்றாலும் நான்ஸ் ஓர் எண் ஏறும். கான்ட்ராக்ட் முகவரி டெப்ளாயர் முகவரியையும் நான்ஸையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், அடுத்த முறை முகவரி வேறாக வரும். முன்கூட்டியே எங்காவது எழுதி வைத்திருந்தால் மாற்றுங்கள்.

கோட் 24,576 பைட்டைத் தாண்டினாலும் ஏறாது. எளிய கான்ட்ராக்டுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

சக்சஸ், ஆனால் கான்ட்ராக்ட் பதில் சொல்லவில்லை

‘டெப்ளாய்ட் இஸ் நாட் எ ஃபங்ஷன்’ என்று ஸ்கிரிப்ட் விழுந்தாலோ, முகவரிக்குப் பதில் ‘அன்டிஃபைன்ட்’ என்று அச்சானாலோ, கான்ட்ராக்ட் நல்லபடியாக ஏறியிருக்கிறது. ஈதர்ஸ் நூலகத்தின் 5-ஆம் பதிப்புக்கு எழுதிய ஸ்கிரிப்ட் 6-இல் ஓடுகிறது, அவ்வளவுதான். காத்திருக்கும் ஃபங்ஷனின் பெயரும் முகவரியைப் பெறும் முறையும் 6-இல் மாறிவிட்டன. மறுபடி டெப்ளாய் செய்ய வேண்டாம். ஈதர்ஸ்கேனில் முகவரியை எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்டைத் திருத்துங்கள்.

ஃபங்ஷனை அழைத்தால் ‘குட் நாட் டிகோட் ரிசல்ட் டேட்டா’ என்று வருவதற்குப் பொருள், நீங்கள் அழைத்த முகவரியில் கோடே இல்லை. வேறு நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள், அல்லது கான்ட்ராக்ட் முகவரிக்குப் பதில் வாலட் முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். ரீமிக்ஸில் நேற்று ஏற்றியதை ஈதர்ஸ்கேனில் காணவே காணோம் என்றால் ‘என்விரான்மென்ட்’ பெட்டியில் ரீமிக்ஸ் விஎம் இருந்திருக்கும். அது உங்கள் பிரவுசருக்குள் ஓடும் போலிச் செயின், எந்த நெட்வொர்க்கையும் தொடாது. மெட்டாமாஸ்க் வழி இணையும் ‘இன்ஜெக்டட் புரொவைடர்’ தேர்வுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வெரிஃபை ஆகவில்லை

வெரிஃபை என்பது மூலக் கோடை ஈதர்ஸ்கேனில் கொடுத்து, ஏறிய கான்ட்ராக்டோடு பொருந்துகிறது என்று காட்டுவது. வெரிஃபை செய்யாத கான்ட்ராக்டும் வேலை செய்யும். ஆனாலும் செய்துவிடுங்கள் என்பேன். மூலக் கோடைப் பார்க்க முடியாத கான்ட்ராக்டை யாரும் நம்பத் தேவையில்லை.

‘டெப்ரிகேட்டட் வி1 எண்ட்பாயின்ட்’ என்று வந்தால் ஹார்ட்ஹாட் வெரிஃபை பிளகினைப் புதுப்பித்து, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனித்தனியாக எழுதிய ஏபிஐ கீ பட்டியலை எடுத்துவிட்டு ஒரே ஈதர்ஸ்கேன் கீயைக் கொடுங்கள். டெப்ளாய் ஆன மறுகணமே வெரிஃபை கொடுத்தால் ஈதர்ஸ்கேனுக்கு அந்த முகவரி இன்னும் தெரிந்திருக்காது. ஐந்தாறு பிளாக் போகட்டும்.

‘பைட்கோட் டஸ் நாட் மேட்ச்’ என்பதுதான் அதிகம் அலைக்கழிப்பது. பைட்கோட் என்பது கம்பைல் ஆகி வந்த கோட். கம்பைலர் பதிப்பு, கோடைச் சிக்கனமாக்கும் ஆப்டிமைசர் இயங்கியதா, அதன் ரன்ஸ் எண்ணிக்கை, ஈவிஎம் வெர்ஷன் இவை நான்கும் டெப்ளாய் செய்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். டெப்ளாய் செய்த பிறகு ஒரு கமென்ட்டைத் திருத்தினால்கூட, பைட்கோடின் வாலில் உள்ள மெட்டாடேட்டா ஹாஷ் மாறி, முழுப் பொருத்தம் தவறிவிடும். அதனால் வெரிஃபை முடியும்வரை ஃபைலைத் தொட வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பொருந்தவில்லையா? கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்த தமிழ்ச் செய்தியைப் பாருங்கள். ‘பொங்கல்’ என்பதில் உள்ள ‘பொ’வை இரண்டு விதமாகக் கணினியில் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். முதல் விதத்தில் ‘பொங்கல் வாழ்த்து’ 46 பைட், இரண்டாவதில் 49. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். டெப்ளாய் செய்தபோது ஒரு கீபோர்டிலும் வெரிஃபை செய்யும்போது வேறொன்றிலும் அடித்தால் ஆர்க்யுமென்ட் மாறிவிடும். கான்ட்ராக்டுக்குள் இரண்டு செய்திகளின் ஹாஷை ஒப்பிட்டாலும் வெவ்வேறு என்றே சொல்லும். செய்தியை ஸ்கிரிப்டிலும் வெரிஃபையிலும் தனித்தனியே அடிக்காமல் ஒரே ஃபைலிலிருந்து இரண்டு இடத்துக்கும் எடுத்துக்கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷன் வழியாக அனுப்பினால் குறிகள் எப்போதும் சேர்ந்த வடிவத்துக்கே வரும். ஏற்கெனவே ஏறிவிட்ட கான்ட்ராக்டானால், டெப்ளாய் டிரான்சாக்ஷனின் இன்புட் டேட்டாவின் கடைசிப் பகுதியில் அந்தச் செய்தி அப்படியே இருக்கிறது. அங்கிருந்து என்கோட் ஆன ஆர்க்யுமென்ட்டை நகலெடுத்து, ஈதர்ஸ்கேனின் வெரிஃபை பக்கத்தில் அதற்கென உள்ள கட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.